விலையுயர்ந்த கேமிங் மானிட்டரில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

நாலாயிரம், ஐயாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய மானிட்டரில் முதல் நாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் யாருக்கும் வயிறு எரியும். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கியிருந்தாலும் சரி, பினாங்கில் பிராங்கின் மாலில் வாங்கியிருந்தாலும் சரி, ஷாப்பியில் ஓர்டர் போட்டு லோரியில் வந்து இறங்கியிருந்தாலும் சரி, அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அவசரமாக ஒரு போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம். ‘இது நோர்மல்’ என்று பதில் வருகிறது. அதோடு பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

விடக்கூடாது. ஆனால் கடையில் போய் நிற்பதற்கு முன்னால், கையில் இருப்பது எந்த வகைக் கோளாறு என்று தெரிந்திருக்க வேண்டும். கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு, செட்டிங், மின்சாரம் என்று மானிட்டருக்கு வெளியே இருப்பவை ஒரு வகை. பேனலுக்கே, அதாவது உள்ளே படம் காட்டும் திரைத் தகட்டுக்கே உரிய குணம் இன்னொரு வகை. எத்தனை செட் மாற்றினாலும் அது கூடவே வரும். தொழிற்சாலையிலேயே தடுத்திருக்க வேண்டிய உண்மையான பழுது மூன்றாவது. நாம் தைரியமாக மாற்றிக் கேட்கக்கூடியது இந்த மூன்றாவதைத்தான். முதல் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனால், மூன்றாவதோடு போகும்போது நம் பேச்சு எடுபடாது.

நேரமும் முக்கியம். பல கடைகளில் நேரடியாக மாற்றிக் கொடுக்கும் ‘ஒன் டு ஒன்’ காலம் 7 நாள்தான். அது தாண்டினால் சர்வீஸ் சென்டர், ரிப்பேர், காத்திருப்பு. கீழே உள்ள சோதனைகளைப் பெட்டி திறந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பெட்டி திறப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பெட்டி, நுரை, ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை எதையும் வீசாதீர்கள்.

இந்த விலையிலும் பழுது எப்படி வருகிறது

பினாங்கில் தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் ஃபேக்டரியில் க்யூசி, அதாவது தரச் சோதனை பார்த்திருப்பார். என் வேலையும் அதுதான், பொருள்தான் வேறு. சில குறைகளை அளக்கக் கருவி இருக்கிறது. ஓரத்தில் கசியும் வெளிச்சம், திட்டுத்திட்டான நிறம் போன்றவற்றைக் கடைசியில் ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அதற்காக ‘லிமிட் சாம்பிள்’ என்று ஒரு மாதிரியை வைத்திருப்பார்கள். அதைவிட மோசமென்றால் ஒதுக்கு, அதுவரைக்கும் என்றால் அனுப்பு. அந்த எல்லைக்கு மயிரிழை உள்ளே நிற்பதும் பாஸ்தான். ஆக, ஒரே மாடலில் உங்கள் நண்பருக்கு வந்தது பளிச்சென்றும் உங்களுக்கு வந்தது சுமாராகவும் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒரே எல்லைக்குள் தேறியவை.

பேனல் செய்யும் நிறுவனங்களும் கொஞ்சம்தான். எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சுங் டிஸ்ப்ளே, தைவானின் ஏயூ ஆப்ட்ரானிக்ஸ், இன்னோலக்ஸ், சீனாவின் பிஓஇ, டிசிஎல் சிஎஸ்ஓடி என்று எண்ணிவிடலாம். 2015இல் வந்த ஏசூஸ் பிஜி279கியூ, ஏசர் எக்ஸ்பி271எச்யூ இரண்டும் அன்றைக்கு உச்ச விலை. இரண்டுக்குள்ளும் இருந்தது ஏயூ ஆப்ட்ரானிக்ஸின் ஒரே பேனல். இரண்டிலும் வந்த புகாரும் ஒன்றுதான்: ஓரத்தில் வெளிச்சக் கசிவு. ‘பேனல் லாட்டரி’ என்ற பேச்சு அந்தக் காலத்தில் இந்த இரண்டு மாடல்களையும் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பிராண்டை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், உள்ளே இருக்கும் பேனலும் மாறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு முன்

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மெனுவில் ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுங்கள். பெட்டிக்குள் வந்த கேபிளையே போடுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டாம், சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். விண்டோஸில் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற எண்) மானிட்டரின் உச்ச அளவில் இருக்கட்டும்.

சோதனைப் படங்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பெயிண்டிலேயே செய்துகொள்ளலாம். முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் இரண்டு சாம்பல். ஒன்று, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 13 என்று வைத்த கருஞ்சாம்பல், அதாவது 5 விழுக்காடு. மற்றது 128 என்று வைத்த நடுச்சாம்பல். இவற்றைத் திரை முழுக்க விரித்துப் பார்த்தாலே பேனல் கோளாறுகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும்.

போட்டோ எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. இருட்டறையில் போன் கேமரா தானாக வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளும். கண்ணுக்கு லேசாகத் தெரியும் கசிவு போட்டோவில் தீப்பிடித்த மாதிரி இருக்கும். சர்வீஸ் சென்டரில் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட போட்டோவைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார். திரையைத் தொட்டு எக்ஸ்போஷரைப் பூட்டி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைத்து எடுங்கள். கண்ணுக்கு எப்படியோ போட்டோவும் அப்படி என்றால்தான் அது சாட்சி.

திரை சில விநாடி கறுத்துப்போய்த் திரும்பி வருகிறது

ரெலாவில் எங்கள் பிளாட்டின் மேல்மாடித் தம்பி ஒருவன் 4கே, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய இரண்டொரு நாளில் கதவைத் தட்டினான்.

“அண்ணே, நல்லா போயிட்டே இருக்கும், திடீர்னு கறுத்துடும். ரெண்டு விநாடியில திரும்ப வந்துடும். அதுக்குள்ள என்னை அடிச்சிடுறானுங்க. கடைக்குத் தூக்கிட்டுப் போகவா?”

“எந்த கேபிள் போட்டிருக்க?”

“பழைய மானிட்டர் கேபிள்தாண்ணே. புதுசு கட்டையா இருக்கு, மேசைக்கு அடியில எட்டல.”

போய்ப் பார்த்தேன். மூன்று மீட்டர் இருக்கும், பெயர் எதுவும் அச்சிடாத டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். 240ஐ 120 ஆக்கினோம், கறுப்பு வரவே இல்லை. கம்ப்யூட்டரை மேசைமேல் தூக்கி வைத்துப் பெட்டியில் வந்த கேபிளைப் போட்டோம். 240இலும் வரவில்லை. மானிட்டர் மேல் குற்றமே இல்லை.

கணக்கு இதுதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கேபிள் விநாடிக்கு 32.4 ஜிகாபிட் தாங்கும். அதில் படத்துக்குக் கிடைப்பது 25.92. ஆனால் 4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் என்றால் படம் மட்டுமே விநாடிக்குக் கிட்டத்தட்ட 60 ஜிகாபிட். எனவே கார்டு படத்தை ‘டிஎஸ்சி’ என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அப்படியும் கேபிள் அதன் உச்சத்திலேயே ஓடுகிறது. கொஞ்சம் தரம் குறைந்தாலும் இணைப்பு அறுந்து, மானிட்டரும் கார்டும் மறுபடி பேசித் தொடங்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளிதான் நாம் பார்க்கும் கறுப்பு.

ஹெர்ட்ஸைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கறுப்பு நின்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல். டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வேசா அமைப்பின் சான்று பெற்ற, ‘டிபி8கே’ என்று குறித்த கேபிளை வாங்குங்கள். எச்டிஎம்ஐ 2.1 என்றால் பெட்டியில் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ லேபிளும் ஸ்கேன் செய்யக்கூடிய குறியீடும் இருக்க வேண்டும். இரண்டு மீட்டரைத் தாண்டிய சாதாரண கேபிளை இந்த வேகத்துக்கு நம்ப வேண்டாம்.

சான்றில்லாத டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் 20ஆம் பின்னில் 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கும். இரண்டு முனையையும் அந்தப் பின்னில் இணைக்கக்கூடாது என்பது விதி. மலிவான கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் திரும்பி ஏறும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் உள்ளே ஏதோ லைட் மங்கலாக எரிகிறது, அல்லது மானிட்டர் செருகியிருந்தால் கம்ப்யூட்டர் திறக்க மறுக்கிறது என்றால் அந்த கேபிளை உடனே கழற்றுங்கள்.

நாற்காலியில் இருந்து எழும்போதோ உட்காரும்போதோ மட்டும் கறுக்கிறதா? கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் நிஜம். கேஸ் லிஃப்ட் நாற்காலி அமுங்கும்போது நிலைமின்சாரம் பொறியாக வெளியேறி, கேபிளில் ஒரு கணம் இடையூறு உண்டாக்கும். ஏர்கோன் போட்டு வறண்ட அறையில் இது கூடுதல். கவசம் நன்றாக உள்ள கேபிளுக்கு மாறினால் பெரும்பாலும் தீரும்.

கேம் திறக்கும்போதும், ஆல்ட்-டேப் அடிக்கும்போதும் மட்டும் ஒன்றிரண்டு விநாடி கறுத்தால் அது முழுத்திரை முறைக்கு மாறும்போது டிஎஸ்சி இணைப்பு மறுபடி தொடங்குவது. ‘பார்டர்லெஸ் விண்டோ’வுக்கு மாற்றுங்கள், போதும்.

சான்று பெற்ற இரண்டு கேபிள், வேறொரு கம்ப்யூட்டர், வேறொரு பிளக். இத்தனைக்குப் பிறகும் கறுத்தால் அது மானிட்டரின் பழுது. வீடியோ எடுங்கள், கடைக்குப் போங்கள்.

240 என்று வாங்கினேன், 60தான் ஓடுகிறது

விண்டோஸ் செட்டிங்கில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ போய் ஹெர்ட்ஸை நாமே ஏற்ற வேண்டும், பெரும்பாலும் தானாக ஏறாது. அங்கே 240 என்ற வரியே இல்லையென்றால் கேபிள் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, பழைய எச்டிஎம்ஐயா, மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.2 என்று இறங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இதற்காகக் கடைக்குப் போக வேண்டியது அரிதிலும் அரிது.

கறுப்புத் திரையில் ஓரமும் மூலையும் வெளுக்கிறது

அதிகச் சண்டை நடப்பது இதில்தான். பாதிச் சண்டை தேவையற்றது, மீதிப் பாதி மிகவும் தேவையானது.

முழுக் கறுப்புப் படத்தைப் போட்டு, விளக்கை அணைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்து பாருங்கள். பிறகு எழுந்து இரண்டு மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள். தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள். வெளிச்சம் உங்களோடு நகர்கிறதா, தூரம் போனால் மங்குகிறதா? அப்படியென்றால் அது எல்சிடியில் ஒரு வகையான ஐபிஎஸ் பேனலின் குணம். ‘ஐபிஎஸ் குளோ’ என்பார்கள். சாய்ந்த கோணத்தில் பார்க்கும்போது கறுப்பு வெளுப்பது அந்தத் தொழில்நுட்பத்திலேயே உள்ளது. 27 அங்குலத் திரையை முகத்துக்கு நேரே அரை மீட்டரில் வைத்தால், மூலைகளை நாம் சாய்வாகத்தான் பார்க்கிறோம். இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், திரைக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கு வையுங்கள், திரையின் பிரைட்னஸைக் குறையுங்கள். செட் மாற்றிப் பயனில்லை.

எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில், அதே வடிவத்தில், சட்டத்தின் விளிம்பிலிருந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வெளிச்சம் பீறிட்டால் அது கசிவு. சட்டம் பேனலை ஓரிடத்தில் அழுத்துவதாலும், உள்ளடுக்குகள் சரியாகப் படியாததாலும் வருவது. இதுதான் தயாரிப்புக் குறை. சில செட்களில் நாளாக நாளாகச் சற்றுக் குறைவதும் உண்டு. அதை நம்பி 7 நாளைக் கோட்டைவிடாதீர்கள் என்பது என் கருத்து. சட்டத்தின் திருகைத் தளர்த்தினால் சரியாகும் என்று சொல்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். திருகைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும்.

எல்சிடியின் இன்னொரு வகையான விஏ பேனலில், குறிப்பாக வளைந்த பெரிய திரைகளில், ஓரத்தைவிட நடுவில் மேகம் மாதிரித் திட்டுகள் வரும். நடுச்சாம்பல் படத்தைப் போட்டு மெதுவாக நகரும் கேம் காட்சி ஒன்றையும் பாருங்கள். வானமோ பனிப்பரப்போ நகரும்போது கண்ணாடியில் அழுக்கு ஒட்டியது போல் திட்டுகள் நிலையாக நின்றால் கேட்க உரிமை உண்டு. அதே நடுச்சாம்பலில் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் இளஞ்சிவப்புமாகப் பிரிந்து தெரிந்தாலும் அப்படித்தான். லேசான வேறுபாடு எல்லாப் பேனலிலும் உண்டு. வெள்ளைப் பக்கத்தில் எழுத்துப் படிக்கும்போதே கண்ணை உறுத்தினால் மட்டும் விடாதீர்கள்.

ஒரு புள்ளி மட்டும் சரியில்லை

வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லா நிறத்திலும் கறுப்பாகவே இருந்தால் அது செத்த பிக்சல். எப்போதும் ஒரு நிறத்தில் எரிந்துகொண்டே இருந்தால் சிக்கிய பிக்சல். சிக்கியது எல்சிடியில் சில நேரம் மீளும். நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டும் மென்பொருளைச் சில மணி நேரம் அந்த இடத்தில் ஓடவிடுங்கள். விரலால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் அது புதிய சேதத்தையே உண்டாக்கும்.

கடை ஏன் ஒரு புள்ளிக்கு மாற்றித் தர மறுக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு பழைய தர அளவுகோல் இருக்கிறது. 2001இன் ஐஎஸ்ஓ 13406-2, பிறகு அதன் இடத்துக்கு 2008இல் வந்த ஐஎஸ்ஓ 9241-307. பழைய அளவுகோலின் இரண்டாம் வகுப்பு, ஒரு மில்லியன் பிக்சலுக்கு முழுக்க எரியும் புள்ளி 2, முழுக்க இருண்ட புள்ளி 2, துணைப் பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் தனித்தனி நிறப் புள்ளி) குறை 5 என்று அனுமதித்தது. 4கே திரையில் 82,94,400 பிக்சல். கணக்குப் போட்டால் எரியும் புள்ளி 16 வரை ‘தேர்ச்சி’. ஐயாயிரம் ரிங்கிட் திரையில் பதினாறு புள்ளியை யார் பொறுப்பார்கள்? நல்லவேளையாக, உயர்ரக மானிட்டர்களுக்குப் பல பிராண்டுகள் இதைவிடக் கடுமையான வாக்குறுதி தருகின்றன. டெல்லின் ‘பிரீமியம் பேனல் எக்ஸ்சேஞ்ச்’ திட்டம், எரியும் பிக்சல் ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவதாகச் சொல்கிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மாடலுக்கு எந்த வாக்குறுதி என்று உத்தரவாதப் பக்கத்தில் படித்து, திரைப்பிரதி எடுத்து வையுங்கள். விலையை ஒப்பிடும்போது இதையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புள்ளி கூர்மையான சதுரமாக இல்லாமல் மங்கலாக, ஒழுங்கற்ற வடிவத்தில், சாய்ந்து பார்த்தால் சற்று இடம் மாறுவது போல் இருந்தால் அது பிக்சல் இல்லை. உள்ளடுக்கில் தூசி. பெட்டி திறந்த அன்றே இருந்தால் தயாரிப்புக் குறைதான், தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

புள்ளி நடக்கிறதா? அப்படியென்றால் பூச்சி. நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இது சாதாரணம். மழைக்கு முன்னால் ஜன்னலைத் திறந்து வைத்து, அறையில் மற்ற விளக்கையெல்லாம் அணைத்து விளையாடினால், இருக்கிற ஒரே வெளிச்சத்தைத் தேடிச் சின்னப் பூச்சிகள் காற்றுத்துளை வழியாக உள்ளே போய்விடும். சில நேரம் எறும்பும் போகும். அப்போது கை பரபரக்கும். தட்டாதீர்கள், அழுத்தாதீர்கள். உள்ளே நசுங்கினால் அந்தக் கரும்புள்ளி காலத்துக்கும் அங்கேயே இருக்கும். மானிட்டரை அணைத்து, அறையை இருட்டாக்கி, காற்றுத்துளைப் பக்கம் ஒரு டார்ச்சை எரியவிட்டு அதன் போக்கில் விடுங்கள். பெரும்பாலும் வந்த வழியே வெளியேறும்.

இருண்ட காட்சியில் மினுக்குகிறது

மானிட்டர் மெனுவில் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க், அடாப்டிவ் சிங்க் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், கேமின் வேகத்துக்கு ஏற்ப ஹெர்ட்ஸை மாற்றும் அந்த வசதியை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் அது விஏ, ஓஎல்இடி இரண்டுக்கும் பழகிப்போன குணம். பேனலின் வெளிச்ச அளவு உச்ச வேகத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். ஃப்ரேம் வேகம், அதாவது கார்டு விநாடிக்கு எத்தனை படம் அனுப்புகிறது என்பது, தாறுமாறாக ஏறி இறங்கும்போது அதோடு ஹெர்ட்ஸும் ஏறி இறங்குகிறது. கருஞ்சாம்பல் நிறங்கள் ஒவ்வொரு வேகத்திலும் சற்று வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. லோடிங் திரையில் அதிகம் தெரிவதும் இதனால்தான்.

இன்னொரு இடமும் உண்டு. பல மானிட்டர்களில் இந்த வசதியின் கீழ் எல்லை 48 ஹெர்ட்ஸ். ஃப்ரேம் அதற்குக் கீழே போனால் ஒரே படத்தை இருமுறை காட்டி ஹெர்ட்ஸை இரட்டிப்பாக்குவார்கள். உங்கள் கேம் 45க்கும் 50க்கும் நடுவில் ஊசலாடினால் மானிட்டர் 90க்கும் 50க்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். கிராஃபிக்ஸ் அளவைக் குறைத்து 60க்கு மேலே கொண்டு வந்து, எட்டக்கூடிய நிலையான ஓர் எண்ணில் ஃப்ரேமைக் கட்டிப்போடுங்கள். மினுக்கல் வெகுவாக அடங்கும்.

அந்த வசதியை அணைத்த பிறகும், வெறும் டெஸ்க்டாப்பிலும் மினுக்கினால் வேறு கதை. பிளக்கை மாற்றிப் பாருங்கள். ஏர்கோன் ஏறும் நேரத்தில் மட்டும் வருகிறதென்றால் எக்ஸ்டென்ஷன் தளர்வாக இருக்கும். பல மானிட்டர்களின் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். சின்ன மின்னழுத்த இறக்கத்துக்கெல்லாம் அசையக்கூடாது. நல்ல பிளக்கிலும் மினுக்கினால் பழுதுதான்.

ஓஎல்இடியில் மட்டும் வருபவை

முதலில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே சுவர் பிளக்கிலேயே சுவிட்ச் இருக்கிறது. இடிக்குப் பயந்தும் மின்கட்டணத்துக்குப் பயந்தும் இரவானால் அடைத்துவிடுகிறோம். எல்சிடிக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஓஎல்இடி அப்படி இல்லை. அணைந்து ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அது தன் பிக்சல்களைச் சரிபார்த்து ஒழுங்கு செய்கிறது. 2022இல் வந்த, கியூடி-ஓஎல்இடி என்ற சாம்சுங் டிஸ்ப்ளேயின் ஓஎல்இடி வகையில் முதல் கேமிங் மானிட்டரான ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூவில் 4 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒரு முறை சின்னச் சீரமைப்பு. 1,500 மணி நேரத்துக்கு ஒரு முறை பெரிய சீரமைப்பு. “அம்மா ராத்திரி எல்லா சுவிட்சையும் அடைச்சிடுவாங்கண்ணே” என்று சொல்லும் வீடுகளில் இந்த வேலை நடக்கவே நடக்காது. மானிட்டரின் பட்டனை அழுத்தி அணைத்து, சீரமைப்பு முடிய ஒரு பத்து நிமிடம் விட்டு, அப்புறம் சுவிட்சை அடைக்கச் சொல்லுங்கள். இடி மின்னல் என்றால் யோசிக்காமல் பிளக்கைக் கழற்றுங்கள். சீரமைப்பை மறுநாள் மெனுவில் கையாலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

இப்போது அறிகுறிகள். 5 விழுக்காடு சாம்பல் படத்தில் செங்குத்தாகக் கம்பி கம்பியாகத் தெரிகிறதா? புதிய ஓஎல்இடியில் லேசாக இருப்பது சகஜம், சீரமைப்பு சில முறை ஓடிய பிறகு பெரும்பாலும் குறையும். அதன் பிறகும் கேமின் இருட்டுக் காட்சியிலேயே தெளிவாகத் தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள்.

எழுத்தின் மேலும் கீழும் பச்சையோ இளஞ்சிவப்போ ஓரம் கட்டினால் பழுதில்லை. கியூடி-ஓஎல்இடியில் துணைப் பிக்சல்கள் முக்கோணமாக அமைந்திருக்கின்றன, எல்ஜியின் பேனலில் வெள்ளை என்று நான்காவது ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எழுத்துகளோ சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக நிற்கும் திரையை நினைத்து வரையப்படுகின்றன. ‘கிளியர்டைப்’ செட்டிங்கைத் திருத்தினால் கொஞ்சம் தேறும். நாள் முழுக்க எழுத்து வேலை செய்பவர்கள் வாங்கும் முன்பே கடையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

பகலில் கறுப்பு ஊதா கலந்த சாம்பலாகத் தெரிவதும் கியூடி-ஓஎல்இடியின் குணம். வெளிவெளிச்சத்தை அடக்கும் போலரைசர் தாள் அதில் இல்லை. கடலைப் பார்த்த பெரிய ஜன்னல் உள்ள பினாங்கு பிளாட்களில் இது நன்றாகத் தெரியும். ஜன்னல் திரைக்கு எதிரே வராதபடி மேசையைத் திருப்புங்கள். துடைக்கும்போது லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி மட்டும். அதன் மேற்பூச்சு எளிதில் கீறல் விழும்.

வேகமாகத் திரும்பினால் நிழல் இழுக்கிறது

மெனுவில், பிக்சல் நிறம் மாறுவதை விரைவாக்கும் ‘ஓவர்டிரைவ்’ உச்சத்தில் இருக்கும். ஒரு படி இறக்குங்கள். உருவத்தின் பின்னால் வெளிர் நிழல் வந்தால் அளவு அதிகம், கரு நிழல் வந்தால் குறைவு. விஏ திரையில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும்போது மட்டும் வரும் இழுப்பு எந்தப் படியிலும் முழுசாகப் போகாது.

எச்டிஆர் போட்டால் வெளுத்துப் போகிறது, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் வருகிறது

எச்டிஆர் என்பது கடும் இருட்டையும் கடும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் காட்டும் முறை. ‘டிஸ்ப்ளேஎச்டிஆர் 400’ என்ற முத்திரையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. அந்தப் படிக்கு, திரையைப் பகுதி பகுதியாக இருட்டாக்கும் வசதி கட்டாயமில்லை. கறுப்பு கறுப்பாக இருக்காது, அவ்வளவுதான். அதில் எச்டிஆரை அணைத்தே விளையாடலாம். நல்ல எச்டிஆர் திரை என்றால் விண்டோஸின் எச்டிஆர் கேலிப்ரேஷன் செயலியை ஒருமுறை ஓட்டுங்கள்.

வளையம், பின்விளக்கைப் பகுதி பகுதியாக எரித்து அணைக்கும் எல்சிடி திரைகளில் வரும். மினி-எல்இடியும் அந்த வகைதான். 2018இல் பெரும் விலைக்கு வந்த ஏசூஸ் பிஜி27யூகியூவில் 384 பகுதிகள். அதன் 4கே பிக்சல்களை வகுத்தால் ஒரு பகுதிக்கு 21,600 பிக்சல். கறுப்பு வானத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் எரிய வேண்டுமென்றாலும் அத்தனை பிக்சலுக்குப் பின்னாலும் விளக்கு எரியும். இது பழுதில்லை. ஆனால் ஒரு பகுதி மட்டும் எப்போதும் எரிந்தே இருந்தாலோ, எப்போதும் அணைந்தே இருந்தாலோ நிச்சயம் பழுது. ஒரு சிறிய வெள்ளைச் சதுரத்தைக் கறுப்புத் திரையில் மெதுவாக நகர்த்தினால் அந்தப் பகுதி காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னால் சத்தம்

சில உயர்ரக மானிட்டர்களுக்குள் விசிறி உண்டு. காற்றுச் சத்தம் இயல்பு. உரசும் சத்தமும் கடகட சத்தமும் பழுது. மெல்லிய கீச்சொலி வெள்ளைத் திரையில் கூடி, கறுப்பில் மறைந்தால் மின்சுற்றின் ஒலி. அரை மீட்டரில் காதில் விழுந்தால் வீடியோவில் பதிந்து கேளுங்கள்.

கடையிலும் அதற்குப் பிறகும்

ரசீது, பெட்டி திறந்த வீடியோ, எக்ஸ்போஷர் பூட்டி எடுத்த போட்டோ, நீங்கள் மாற்றிப் பார்த்த கேபிள், கம்ப்யூட்டர், பிளக் பற்றிய ஒரு சின்னக் குறிப்பு. இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். போனில் மட்டும் பேசினால் பிறகு ஆதாரம் இருக்காது. ‘ஏபி செட்’ என்று சில நூறு ரிங்கிட் குறைத்து விற்ற வெளிநாட்டு இறக்குமதி என்றால், இங்குள்ள சர்வீஸ் சென்டர் ஏற்காமல் போகலாம். உத்தரவாதம் விற்ற கடையோடு நிற்கும். மூன்று பின் பிளக்கும் சிரிம் தரச்சான்று லேபிளும் இல்லாமல், பிளக் மாற்றும் அடாப்டர் ஒன்று பெட்டியில் கிடந்தால் அப்போதே கேளுங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதை மதிப்பிடும்போது பார்க்க வேண்டியவற்றில் விலையும் ஒன்று. ஐந்நூறு ரிங்கிட் திரையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கசிவை ஐயாயிரம் ரிங்கிட் திரையில் பொறுக்கத் தேவையில்லை என்று வாதாட இதுவே இடம் தருகிறது. அந்தப் பாதுகாப்பை ஒப்பந்தம் போட்டு விலக்கிவிட முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது.

கடை அப்போதும் மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வைக்க முடியாது. கடைக்கும் அதே விதி. உரிமை எழுந்த நாளில் இருந்து 3 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பினாங்கில் இருப்பவர்கள் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் முதலில் போய்ப் பேசலாம். மனுவில் கடையின் பலகையில் உள்ள பெயரை எழுதாதீர்கள். ரசீதில் உள்ள, பதிவு செய்த நிறுவனப் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள்.

மாற்றுச் செட் கிடைத்துவிட்டால் கவுண்டரிலேயே செருகி, கறுப்பு, வெள்ளை, இரண்டு சாம்பல் படங்களையும் ஓட்டிப் பாருங்கள். சர்வீஸ் சென்டர் தருவது பெரும்பாலும் பழுது பார்த்த செட்டாக இருக்கும். அதன் வரிசை எண்ணை உங்கள் ரசீதில் எழுதி, முத்திரை குத்தி வாங்குங்கள். உத்தரவாதம் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டால் அடுத்த முறை கேட்கப் போகும்போது உங்கள் பெயரில் எதுவும் பதிவாகி இருக்காது.